முடி என்றால் இரண்டு அர்த்தம்

"மாமா, ஒரு ஆறாயிரம் ரூவா வேணும். அம்மைகிட்ட சொல்லாண்டாம்."

கேட்டவள் அக்கா மகள். நாகர்கோவிலில் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். எதற்கு என்றேன். தலையைத் தொட்டுக் காட்டினாள். சுருட்டை முடி. எங்கள் குடும்பச் சொத்து அது. பாட்டாவுக்கு இருந்தது. அக்காவுக்கு இருக்கிறது. சொட்டை விழும் வரைக்கும் எனக்கும் இருந்தது. அழகு நிலையத்துக்குப் போய் அதைக் கோரைப்புல் மாதிரி நீட்டிக்கொள்ள ஆறாயிரம் ரூபாயாம்.

"நல்லாத்தானே இருக்கு மக்கா?"

"நல்லா இருக்காம்! பள்ளிக்கூடத்துல எனக்க பேரு என்னன்னு தெரியுமா மாமா? பரட்டை. ஆறாங்கிளாஸ்ல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அதுதான் பேரு. ஒருநா டீச்சரும் கேட்டாவ, தலையச் சீவிட்டு வரமாட்டியான்னு. நான் சீவிட்டுத்தான் போனேன்."

கடைசி வாக்கியத்தில் குரல் கொஞ்சம் உடைந்துவிட்டது. பணம் தருகிறேன் என்று சொன்னேன். அதற்கு முன்னால் ஒரு கதை கேட்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டேன். அவளிடம் சொன்னதைத்தான் இங்கே உங்களிடமும் சொல்கிறேன்.

தமிழில் முடி என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று, தலையில் தானாக முளைப்பது. இன்னொன்று, ராஜா தலையில் வைத்துக்கொள்வது. ஏழைக்கும் ராஜாவுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்த மொழி இது. ஆனால் அந்தச் சொல்லைத் தன் பிள்ளைக்குப் பெயராக வைக்கக்கூட ஒரு தகப்பனுக்கு உரிமை இல்லாத காலம் இருந்தது. வேறெங்கோ இல்லை, நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகிற வழியில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில்.

1809-ம் வருடம். இன்று சாமித்தோப்பு என்று சொல்லப்படும் ஊரில் பொன்னுமாடன் - வெயிலாள் தம்பதிக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஆசையாக முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். அப்போது இந்தப் பகுதி முழுவதும் திருவிதாங்கூர் சமஸ்தானம். 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தெய்வத்தின் தாசனாக ஆட்சி நடத்தினார். முடியும் பெருமாளும் கோயிலுக்கும் கொட்டாரத்துக்கும் உரியவை. பனையேறும் சாதியில் பிறந்த பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்து வைத்தால் விடுவார்களா? மேல்சாதிக்காரர்கள் எதிர்த்தார்கள். பெயரை மாற்றச் சொன்னார்கள். முடிசூடும் பெருமாள், முத்துக்குட்டி ஆனார்.

பெயருக்கே இந்தப் பாடு என்றால் உடம்புக்கு? அன்றைய திருவிதாங்கூரில் சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார்களுக்கும், அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டிருந்த மக்களுக்கும் இருந்த தடைகளை எழுதினால் பட்டியல் நீளும். செருப்புப் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பொன் நகை அணியக் கூடாது. மாடி வீடு கட்டக் கூடாது. பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக் கூடாது, மார்பை மறைக்கக் கூடாது. ஆண்கள் தோளில் துண்டு போடக் கூடாது, தலையில் தலைப்பாகை கட்டக் கூடாது. துண்டு இருந்தால் எதிரே வரும் பெரிய மனிதரைக் கண்டதும் இடுப்பில் இறக்கிக் கட்ட வேண்டும். இத்தனைக்கும் நடுவே தலைவரி என்று ஒன்றும் வாங்கினார்கள். தலைக்கு வரி கட்ட வேண்டும், ஆனால் அந்தத் தலையில் ஒரு முழத் துணி சுற்றக் கூடாது. எப்படி இருக்கிறது நியாயம்!

இந்தத் தடைகளில் மேலாடைத் தடை பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். 1822-ல் தொடங்கி 1859 வரை விட்டுவிட்டு நடந்த தோள்சீலைக் கலகம் தென்னிந்திய வரலாற்றில் பெரிய அத்தியாயம். தோளுக்கு ஒரு கலகம் நடந்தது தெரிகிறது. தலைக்கு நடந்த கலகம் சத்தமில்லாமல் நடந்தது. அதனால்தானோ என்னவோ, அதிகம் பேர் கவனிக்கவில்லை.

1833 மாசி மாதம். நோயில் கிடந்த முத்துக்குட்டியைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள் வைகுண்டராகத் திரும்பி வந்தார் என்பது அவர் வழிவந்த மக்களின் நம்பிக்கை. திரும்பி வந்து சாமித்தோப்பில் தவம் இருந்தார். கூட்டம் கூடியது. எல்லாச் சாதியும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுத்துக் குளிக்க முத்திரிக் கிணறு வந்தது. அதோடு ஒரு விஷயம் சொன்னார்: என்னிடம் வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு வாருங்கள்.

மற்ற கோயில்களில் சாமி முன்னால் போகும்போது தலையில் கட்டியதை அவிழ்ப்பதுதான் மரியாதை. இங்கே கட்டுவதுதான் மரியாதை. கீழே இறக்கு என்று சட்டம் சொன்ன துண்டை உச்சந்தலைக்கு ஏற்றிவிட்டார் மனுஷன். ஆயுதம் இல்லை, ஊர்வலம் இல்லை, மனு இல்லை. ஒரு துண்டு, அவ்வளவுதான். பெயரில் இருந்து பிடுங்கிய முடியை ஊரில் உள்ள எல்லார் தலையிலும் வைத்துவிட்டார்.

இன்னொன்றும் செய்தார். அய்யா வழிப் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் சிலை கிடையாது. கண்ணாடி இருக்கும், விளக்கு இருக்கும். கும்பிடப் போனவன் எதிரே தெரிவது அவன் முகம்தான். தலைப்பாகை கட்டிய அவன் தலைதான். தலைமுறை தலைமுறையாக நீ தீண்டத்தகாதவன், உன் நிழல்கூட ஆகாது என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அந்தக் கண்ணாடி என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சுவாதித் திருநாள் மகாராஜா காலம் அது. கீர்த்தனைகள் இயற்றிய பெரிய கலைஞர். அவருடைய அரசாங்கம்தான் வைகுண்டரைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்பில் அடைத்தது. 1839-ல் விடுதலையாகித் திரும்பினார். 1851-ல் மறைந்தார். மேலாடை அணிய நாடார் பெண்களுக்கு அரசாங்கம் உரிமை கொடுத்தது 1859 ஜூலையில். அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால் இருந்தது.

"இதுல முடி எங்க மாமா வருகு? எல்லாம் துணிக் கதையால்லா இருக்கு?" என்றாள் அக்கா மகள். வருகிறேன் மக்கா, அங்கேதான் வருகிறேன்.

அதே காலத்தில் இந்த மண்ணில் இன்னொரு கூட்டம் மக்களுக்காகப் போராடிக்கொண்டிருந்தது. மிஷனரிகள். பள்ளிக்கூடம் வைத்தார்கள், ஆஸ்பத்திரி கட்டினார்கள், தோள்சீலைக்காரப் பெண்கள் பக்கம் நின்றார்கள். அந்த நன்றியை மறந்தால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவர்களில் சிலருக்கும் மக்களின் தலைமேல் ஒரு கண் இருந்தது. குடுமி!

அன்றைக்குத் தமிழ் ஆண்களில் பெரும்பாலோர் குடுமிக்காரர்கள்தான். முன்பக்கம் மழித்துப் பின்பக்கம் நீளமாக வளர்த்து முடிந்துகொள்வார்கள். கிறிஸ்தவத்துக்கு வந்த பிறகும் குடுமி அப்படியே இருந்தது. இது பழைய மதத்தின் அடையாளம், அறுத்தால்தான் உண்மையான கிறிஸ்தவன் என்றார்கள் சில மிஷனரிகள். ஒரு தலையில் இருக்கும் கொஞ்சம் முடிக்காகச் சபைகளில் பெரிய வாக்குவாதம்.

இதற்குப் பதில் எழுதியவர் இன்னொரு மிஷனரி. குமரிமுனைக்குக் கிழக்கே, இடையன்குடித் தேரிக்காட்டில் இருந்த ராபர்ட் கால்டுவெல். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல். 1867-ல் குடுமியைப் பற்றியே தனியாக ஒரு சிறுநூல் எழுதினார். குடுமி மத அடையாளம் அல்ல, இந்த நாட்டு மக்கள் முடி வைத்துக்கொள்ளும் வழக்கம் என்பதுதான் அவர் வாதம். மனம் மாற வேண்டும் என்று வந்தவர்கள் மயிரை மாற்றச் சொல்லி நிற்க வேண்டியதில்லை என்று நாம் அதைப் புரிந்துகொள்ளலாம். அதே கால்டுவெல் 1849-ல் சாணார்களைப் பற்றி எழுதிய நூல் அந்தச் சமூகத்தை எவ்வளவு புண்படுத்தியது என்பது வேறு கதை. குடுமி விஷயத்தில் அவர் பேசியது நியாயம்.

அடுத்தவன் தலையில் கை வைத்தால் என்ன ஆகும் என்பது வெள்ளைக்காரனுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். தாடியை மழி, மீசையை ஒரே மாதிரி வெட்டு, நெற்றிக்குறியை அழி, புதுமாதிரித் தலைப்பாகையை வை என்று சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டுத்தானே 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் ரத்தம் ஓடியது?

இப்போது கடல் தாண்டிக் கொஞ்ச தூரம் வாருங்கள். கால்டுவெல் குடுமிக்காக எழுதிய அதே 1867-ம் வருடம் டிசம்பரில், அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஒரு பருத்தித் தோட்டத்தில் கறுப்பினத்துப் பெண் குழந்தை ஒன்று பிறந்தது. சாரா பிரீட்லவ். பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். அந்தக் குடும்பத்தில் சுதந்திரமாகப் பிறந்த முதல் குழந்தை இவள்தான்.

அந்த லூசியானாவில் கறுப்புப் பெண்களின் தலைக்குத் தனிச் சட்டமே போட்டிருந்தார்கள். 1786-ல், ஸ்பெயின் ஆண்ட காலத்தில், எஸ்தபான் மீரோ என்ற ஆளுநர் போட்ட உத்தரவு. கறுப்பு ரத்தம் கலந்த பெண்கள், அடிமையாக இல்லாவிட்டாலும், தலைமுடியை வெளியே காட்டக் கூடாது, துணியால் கட்டி மறைக்க வேண்டும். ஏன்? நெருக்கமான சுருள் முடியை விதவிதமாக உயர்த்தி, நகையும் இறகும் செருகி அவர்கள் தெருவில் நடந்தால் வெள்ளைக்காரச் சீமாட்டிகளுக்குப் பொறுக்கவில்லை. கூந்தல் உள்ளவள் அள்ளி முடிவாள் என்பது நம்ம ஊர்ப் பழமொழி. அங்கே கூந்தல் உள்ளவளை அள்ளி மறைக்கச் சொன்னார்கள்.

அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சரி, கட்டுகிறோம் என்றார்கள். பளீரென்ற வண்ணத் துணியை எடுத்து, மடித்து, உயர்த்தி, கிரீடம் மாதிரிக் கட்டிக்கொண்டார்கள். அவமானத்துக்குப் போட்ட துணி அலங்காரமாகிவிட்டது. அந்தத் தலைத்துணிக்கு அவர்கள் விரும்பி வாங்கிய துணியின் பெயரைக் கேட்டால் அசந்துபோவீர்கள். மெட்ராஸ்! கட்டம் போட்ட பருத்தித் துணி. நம்ம கைலிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். சோழமண்டலக் கரையில் தறியில் நெய்து, சென்னைத் துறைமுகத்தின் பெயரோடு கப்பல் ஏறி, மேற்கு ஆப்பிரிக்கா, கரீபியன் தீவுகள், நியூ ஆர்லியன்ஸ் வரை போன துணி. மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் மெட்ராஸ் என்பது இன்றைக்கும் அவர்களுடைய பாரம்பரிய உடுப்பு.

கவனித்தீர்களா? இங்கே தலையில் துணி கட்டாதே என்றது சட்டம். அங்கே கட்டு என்றது சட்டம். நேரெதிர் உத்தரவுகள், ஆனால் நோக்கம் ஒன்றுதான். உன் தலை உன்னுடையது அல்ல. இரண்டு ஊர் மக்களும் சொன்ன பதிலும் ஒன்றுதான். அந்தத் துணியையே கிரீடமாக்கிக் காட்டினார்கள்.

அடிமைத்தனம் போனது. ஆனால் முடியின் மேல் இருந்த இளக்காரம் போகவில்லை. வெள்ளைக்காரியின் நேர்முடிக்கு நல்ல முடி என்று பெயர், கறுப்பரின் முடிக்கு மோசமான முடி என்று பெயர். வேலைக்குப் போக, மதிப்பாக நடமாட, முடியை நீட்டியாக வேண்டும். பழுக்கக் காய்ச்சிய இரும்புச் சீப்பு வந்தது. பிறகு காஸ்டிக் சோடா கலந்த பசை வந்தது. மால்கம் எக்ஸ் இளைஞனாக இருந்தபோது அந்தப் பசையைத் தடவிக்கொண்டார். மண்டை எரிந்தது. 1965-ல் வெளியான சுயசரிதையில், முடிக்காக அவ்வளவு வலியைப் பொறுத்துக்கொண்டதை நினைத்துப் பிற்காலத்தில் வெட்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார்.

சாரா பிரீட்லவ்? துணி வெளுத்துப் பிழைத்தார். தலையில் புண் வந்து முடி கொட்டியது. மருந்தும் எண்ணெய்ப் பசையும் தயாரித்து, மேடம் சி.ஜே. வாக்கர் என்ற பெயரில் 1906 வாக்கில் வியாபாரம் தொடங்கினார். ஆயிரக்கணக்கான கறுப்புப் பெண்களுக்கு வேலை கொடுத்துப் பெரும் பணக்காரி ஆனார். முடியை நீட்டும் சூட்டுச் சீப்பைக் கண்டுபிடித்தவர் என்று இவரைச் சொல்வார்கள். அது சரியல்ல. அவருடைய தொழில்முறையில் அந்தச் சீப்புக்கும் இடம் இருந்தது, அவ்வளவே. மண்டையைச் சுத்தமாக வை, முடி வளரட்டும் என்பதுதான் அவர் அடிப்படையாகச் சொன்னது.

தென்னாப்பிரிக்காவில் இன்னும் கொடுமை. 1950-ல் மக்களை இனவாரியாகப் பதியச் சட்டம் வந்தது. ஓர் ஆள் எந்த இனம் என்று சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் ஒரு பென்சிலைச் செருகிப் பார்த்தார்கள். பென்சில் கீழே விழுந்தால் ஒரு இனம், முடியில் சிக்கி நின்றால் வேறு இனம். ஒரே வீட்டுப் பிள்ளைகள்கூட இப்படிப் பிரிந்தார்கள். ஒரு பென்சில், ஒரு வாழ்க்கை!

1960-களில் அமெரிக்கக் கறுப்பின இளைஞர்கள் திருப்பி அடித்தார்கள். கறுப்பே அழகு என்றார்கள். நீட்டுவதை நிறுத்தினார்கள். முடியை அது முளைக்கிற மாதிரியே வளரவிட்டார்கள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் மாதிரி நின்ற அந்த ஆஃப்ரோ முடி ஓர் அரசியல் அறிக்கை ஆனது. ஆனாலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் சடைப்பின்னலுக்கும் ஆஃப்ரோவுக்கும் தடை தொடர்ந்தது. 2019-ல் கலிஃபோர்னியா மாநிலம் அதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. இயற்கையான முடியைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. இப்போது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் இந்தச் சட்டம் இருக்கிறது. சட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? கிரௌன் ஆக்ட். கிரீடச் சட்டம்!

முடி என்றாலும் கிரீடம் என்றாலும் ஒன்று என்பதை அவர்கள் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. நமக்கு மொழியிலேயே இருக்கிறது. பெண்களின் கூந்தல் ஒப்பனைக்கு ஐம்பால் என்று ஐந்து வகை சொன்ன தமிழில் முடியும் ஒன்று, சுருளும் ஒன்று. சங்கப் புலவர்கள் கூந்தலுக்கு உவமை தேடியபோது ஆற்று மணலில் நீர் வரைந்துவிட்டுப் போகும் அறலைக் காட்டினார்கள். நெளிநெளியாக இருக்குமே, அதை. கோரைப்புல்லைக் காட்டவில்லை. எப்போது நாம் பரட்டை என்று சொல்லக் கற்றுக்கொண்டோம்?

இனி கொஞ்சம் விஞ்ஞானம். நேர்முடியின் வேர்க்குழி நேராக இருக்கும். சுருள்முடியின் வேர்க்குழி வளைந்திருக்கும், முடியும் தட்டையாக வளரும். மண்டையில் ஊறும் எண்ணெய்ப் பசை நேர்முடியில் சரசரவென்று நுனிவரை இறங்கிவிடும். சுருளில் ஒவ்வொரு வளைவிலும் தங்கித் தங்கி இறங்குவதால் நுனி காய்ந்துபோகும். சுருள்முடி சீவாத முடி அல்ல, தாகமான முடி. அதற்கு வேண்டியது எண்ணெயும் பொறுமையும். ஈரமாக இருக்கும்போது, நுனியில் இருந்து மேல்நோக்கி, அகலப் பல் சீப்பால் சிக்கெடுக்க வேண்டும். நம்ம வீட்டுத் தேங்காயெண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவிப் புரதம் கழன்று போவதைக் குறைக்கிறது என்று 2003-ல் வெளிவந்த இந்திய ஆய்வு ஒன்று காட்டியது. செம்பருத்தி இலையைக் கசக்கித் தாளி தேய்த்துக் குளித்த பாட்டிகள் ஆய்வு படித்தவர்கள் இல்லை. ஆனால் கை அறிந்திருந்தது.

நீட்டும் மருந்துகள் செய்வது இதற்கு நேரெதிர். முடியின் புரதத்தில் உள்ள கந்தகப் பிணைப்புகளை உடைத்து, நேராக்கி, திரும்ப ஒட்டவைக்கின்றன. புதிதாக முளைப்பது மறுபடியும் சுருளாகத்தான் முளைக்கும். மறுபடியும் பணம், மறுபடியும் மருந்து. அமெரிக்காவில் முப்பத்து மூவாயிரத்துக்கும் அதிகமான பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2022-ல் வெளியானது. அடிக்கடி இந்த மருந்துகளைப் பயன்படுத்தியவர்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் வாய்ப்பு அதிகமாக இருந்ததை அது கண்டது. பயமுறுத்தச் சொல்லவில்லை. தெரிந்துகொண்டு செய்ய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

கதை முடிந்ததும் அக்கா மகள் ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாமித்தோப்புக்குக் கூட்டிப் போனேன். நான் சட்டையைக் கழற்றித் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டேன். சொட்டைத் தலைக்குக் கிடைத்த ராஜ மரியாதை! கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் கேட்டாள்:

"தலைப்பாகை ஆம்பளையளுக்கு மட்டுந்தானா மாமா?"

என்னிடம் பதில் இல்லை. நல்ல கேள்விதான், வைத்துக்கொள் என்றேன்.

திரும்பி வரும் வழியில் ஆறாயிரத்தை எடுத்து நீட்டினேன். அவளுக்கு ஆச்சரியம். இவ்வளவு கதை சொல்லிவிட்டு ஏன் தருகிறீர்கள் என்றாள். ராஜா சொன்னான், ஆளுநர் சொன்னான், பாதிரி சொன்னார், டீச்சர் சொன்னார். அந்த வரிசையில் மாமாவும் வந்து நின்று, நீ முடியை இப்படித்தான் வைக்க வேண்டும் என்றால் கதை சொன்னதற்கு அர்த்தமே இல்லையே. தலை அவளுடையது. நீட்டினாலும் அவள் முடி, சுருண்டாலும் அவள் முடி. ஆனால் பரட்டை என்று எவனோ சொன்னதற்காக நீட்டக் கூடாது. அது ஒன்றுதான் நான் கேட்டுக்கொண்டது.

பணத்தை வாங்கி எண்ணினாள். ஐந்நூறை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தந்தாள்.

"இது இப்ப இருக்கட்டு. ரெண்டு மாசம் கழிச்சும் தோணிச்சுன்னா கேக்கேன்."

"ஐந்நூறு எதுக்கு?"

"நல்ல பெரிய பல்லு வச்ச சீப்பு ஒண்ணு வாங்கணும் மாமா."